ஊசியின் நெஞ்சு, நாற்பத்திரண்டு நகல்

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் ஊசி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் தொண்ணூற்றாறு கிலோ இருப்பார். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் வாரம் இதைக் கேலி என்று நினைத்துக்கொள்வார்கள். கேலியெல்லாம் இல்லை. இருபத்தோரு வருடங்களுக்கு முன் வேலையில் சேர்ந்தபோது அவர் அறுபத்தொரு கிலோதான். சீருடைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெயர் அப்போது வைத்தது. ஆள் மாறினார், பெயர் மாறவில்லை. பெரிய வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டி அந்தப் பக்கம் லேசாகச் சாயும். அப்போதும் பின்னால் இருக்கிறவர்கள், ஊசி ஏறியாச்சு, கிளம்பலாம் என்பார்கள்.

பெயரைப் போலவே மாறாமல் இருந்த இன்னொன்று அவருடைய நெஞ்சு. உடம்புக்குள் இருந்ததைச் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்ததைச் சொல்கிறேன்.

தீயணைப்பு வேலையில் வருடத்துக்கு ஒரு முறை உடல்தகுதித் தேர்வு உண்டு. இரண்டரை கிலோமீட்டரைப் பதின்மூன்று நிமிடத்தில் ஓடி முடித்து, மூச்சு வாங்கும் முன், தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு பயிற்சிக் கோபுரத்தின் நான்கு மாடியையும் ஏற வேண்டும். இப்படி ஓடவிட்டு யாரையாவது சாகடித்துவிடக் கூடாதே என்று யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்து, தேர்வுக்கு முன் நிரப்ப ஒரு படிவம் வைத்தார். வயது என்ன, எடை என்ன, புகை பிடிப்பதுண்டா, ரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை உண்டா, படி ஏறினால் நெஞ்சு இறுக்குமா, ஓடும்போது கண் இருட்டுமா, அப்பாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ ஐம்பத்தைந்து வயதுக்கு முன் இதய நோய் வந்ததா. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டினால் ஐந்துக்குள் வந்தால் ஓடலாம். மேலே போனால் ஓட்டம் அப்புறம், முதலில் மருத்துவமனை. படிவத்தின் அதிகாரபூர்வமான பெயர் ஒன்றரை வரி நீளம். எல்லோரும் நெஞ்சுத் தாள் என்றார்கள். நல்ல காரியம்தான். ஒரு நல்ல காரியம் அலுவலகத்துக்குள் நுழைந்தால் என்ன பாடுபடும் என்று தெரிந்துகொள்ள இந்த நிலையத்துக்கு வந்தால் போதும்.

ஊசி சேர்ந்த வருடம், தேர்வுக்கு முந்தைய நாள் மாலை, எழுத்தரிடம் வெற்றுப் படிவம் தீர்ந்துபோனது. நிலையத்தின் எல்லாக் காகிதங்களுக்கும் அவர்தான் பொறுப்பு. காகிதம் இல்லை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது, அது அவருக்கு மானப் பிரச்சினை. மேசையில் ஊசி நிரப்பிக் கொடுத்த தாள் ஒன்று கிடந்தது, அதன் மூலையில் அவரே வைத்த தேநீர்க் குவளையின் வட்டக் கறையோடு. வொய்ட்னரை எடுத்தார். பெயரை அழித்தார், கையெழுத்தை அழித்தார், தேதியை அழித்தார். அடுத்து பதில்களை அழிக்கப் போனபோது வொய்ட்னர் தீர்ந்துவிட்டது. சரி, அவரவர் அடித்துவிட்டுத் திருத்திக்கொள்ளட்டும் என்று நகல் எடுத்துவிட்டார்.

மறுநாள் ஆட்கள் தாளை வாங்கிப் பார்த்தார்கள். பதில்கள் ஏற்கெனவே இருந்தன. புகை இல்லை. சர்க்கரை இல்லை. நெஞ்சு இறுக்கம் இல்லை. கண் இருட்டல் இல்லை. தந்தை உயிருடன், நலம். இதைவிட நல்ல பதிலை யாரால் எழுத முடியும்? ஒருவரும் ஒரு கோடு கூட அடிக்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடப் போனார்கள். எந்தத் தொந்தரவும் வராததைப் பார்த்த எழுத்தர் அடுத்த வருடம் வெற்றுப் படிவம் கேட்டு எழுதவே இல்லை. அதற்கடுத்த வருடம் அது நடைமுறை ஆனது. நடைமுறை ஆகிவிட்டால் அதைக் கேள்வி கேட்பவன்தான் குற்றவாளி.

இப்படியாக நாற்பத்திரண்டு பேருக்கும் வயது இருபத்தாறு, எடை அறுபத்தொன்று, ரத்த அழுத்தம் நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு என்று ஆனது. ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்ற பழைய அதிகாரி கடைசி வருடம்கூடத் தனக்கு இருபத்தாறு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். தலைமையகத்தில் இந்தத் தாள்களை அடுக்கி வைக்கும் ஒருவர் ஒருநாள் தவறுதலாக உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். விசாரணை வரும் என்று எழுத்தர் எதிர்பார்த்தார். பாராட்டுப் பத்திரம்தான் வந்தது. எல்லா வீரர்களும் ஒரே அளவான ஆரோக்கியத்தோடு இருப்பது இந்த நிலையத்தின் ஒழுங்கைக் காட்டுகிறது என்று அச்சடித்திருந்தார்கள். அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள்.

ஊசிக்கு இதில் பெருமை, மறைக்க என்ன இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் தேர்வு நெருங்கும்போது, ஊசி, உன் நெஞ்சு ஒரு காப்பி குடு என்று ஆட்கள் கேட்பதும், பாத்து ஓடுங்கடா, அது என்னோடது என்று அவர் சொல்வதும் சாப்பாட்டு அறையில் வழக்கமாகிவிட்டது. தன் தாளிலும் அவர் அதே நகலில்தான் கையெழுத்துப் போட்டார். இடையில் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள், எடை முப்பத்தைந்து கிலோ ஏறியது. ஓட்டத்தில் நேரம் பிடிப்பவர் நல்ல மனிதர், ஊசி வந்து சேரும்வரை கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். அப்பா இறந்ததும் இந்த இடையில்தான்.

அப்பா பேருந்து நடத்துனர். முதல் வண்டிக்குப் போக வேண்டும் என்று விடியற்காலையில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினார். நிமிரவில்லை. வயது ஐம்பத்தொன்று. அதற்கு முந்தைய நாள்வரை ஒரு தலைவலி என்றுகூடப் படுத்தவர் இல்லை. ஊசி வேலையில் சேர்ந்து அப்போது இரண்டு வருடம். தம்பிக்குப் பத்தொன்பது வயது. தாளில் மட்டும் அப்பா உயிருடன் இருந்தார், நலமாக.

இந்த வருடம் தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கும்போது, கோபுரப் பயிற்சியில் மூன்றாவது மாடிப் படியில் ஊசியின் நெஞ்சின் மேல் யாரோ ஏறி நின்றார்கள். அப்படித்தான் இருந்தது. கீழ்த்தாடை வலித்தது. தோளில் சுருளோடு அப்படியே படியில் உட்கார்ந்து, பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்கக் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுவதுபோல் பாவனை செய்தார். குனிந்த பிறகுதான் தான் செய்வது என்ன என்று உறைத்தது. கயிற்றை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. எரியும் கட்டடத்துக்குள் கூசாமல் போகிற மனிதருக்கு மருத்துவமனை என்றால் குலை நடுங்கும். உள்ளே போனால் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். சொன்னால் ஓட்டுநர் இருக்கை போய்விடும், கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்க உட்கார வைப்பார்கள். சொல்லாமல் ஓடினால் இருக்கை இருக்கும், உட்கார ஆள் இருப்பாரா என்பதுதான் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம் தூக்கமில்லாமல் கழித்தார்.

மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவர், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். வீடு மூன்றாவது மாடி. ஒருநாள் கதவைத் திறந்தவர் வழியை விடாமல் நின்றுகொண்டு, "ரெண்டாவது மாடி நோட்டீஸ் போர்டுல அப்படி என்ன எழுதியிருக்கு? தினம் அஞ்சு நிமிஷம் நின்னு படிக்கிறீங்க" என்று கேட்டார். அந்தப் பலகையில் இருந்தது தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதி, அதுவும் போன வருடத்துத் தேதி. ஊசி கொஞ்ச நேரம் மழுப்பினார், பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மனைவி அழவில்லை, கத்தவில்லை. ஒரு தட்டைக் கழுவி வைத்தார், அதையே எடுத்து மறுபடி கழுவினார். பிறகு இதற்கு வேலை விதி என்ன சொல்கிறது என்று கேட்டார். விதி அவர்கள் பக்கம்தான் இருந்தது: தாளில் உண்மையை எழுதி, அதனால் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. மறைத்து ஓடி விழுந்தவருக்குத்தான் ஒன்றும் கிடையாது. "அப்புறம் என்ன? உள்ளதை எழுதுங்க. அந்தத் தாளை அதுக்குத்தானே வெச்சிருக்காங்க" என்றார். இருபத்தோரு வருடத்தில் அந்தத் தாள் எதற்காக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மறுநாள் ஊசி எழுத்தரிடம் போய் ஒரு வெற்றுப் படிவம் வேண்டும் என்றார். எழுத்தருக்கு முதலில் புரியவில்லை. உன் நெஞ்சே அச்சு அசலா இருக்கே, உனக்கு எதுக்கு இன்னொண்ணு என்று கேட்டார். புரிந்தபின் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். வெற்றுப் படிவம் என்று ஒன்று நிலையத்தில் இல்லை. இல்லை என்று சொல்லவும் அவருக்கு வாய் வராது. தலைமையகத்துக்கு எழுதினார். பதினைந்து நாள் கழித்து உறை வந்தது. தங்கள் கோரிக்கைப்படி அங்கீகரிக்கப்பட்ட மாதிரிப் படிவம் இணைக்கப்பட்டுள்ளது, எல்லா நிலையங்களும் இதையே பின்பற்றுகின்றன என்று கடிதம் சொன்னது. எழுத்தர் பிரித்தார். வயது இருபத்தாறு. எடை அறுபத்தொன்று. மூலையில் தேநீர் வட்டம், நகலின் நகலாகி மங்கி, யாரோ முத்திரை குத்தியதுபோல் கம்பீரமாக இருந்தது.

அந்தத் தலைமையகத்தின் கீழ் முப்பத்தொரு நிலையங்கள். எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊசி, எல்லா ஸ்டேஷன்லயும் உன் நெஞ்சுதான் ஓடுது" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊசிக்கு அந்த நேரத்தில் மார்பு வலித்தது.

அன்று மாலை மனைவி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். பழைய படிவத்தைப் பார்த்து அவர் கேள்வியைப் படிக்க, ஊசி பதில் எழுதினார். வயது நாற்பத்தேழு. எடையில் இரண்டு கிலோ குறைத்து எழுதியதை மனைவி அடித்துவிட்டுச் சரியாக எழுத வைத்தார். நெஞ்சு இறுக்கம்: உண்டு. அப்பா என்ற கேள்வி வந்ததும் பேனா நின்றது. பிறகு மெதுவாக எழுதினார்: ஐம்பத்தொரு வயதில் மாரடைப்பில் இறந்தார். உடன்பிறந்தோர்: ஒரு தம்பி, இதே நிலையம். எழுதி முடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்குச் சிக்கல் தெரிந்தது.

தம்பிக்கு முப்பத்தெட்டு. நிலையத்திலேயே வேகமான ஓட்டக்காரன், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு மற்றவர்களுக்குக் கைதட்டிக்கொண்டு நிற்பான். ஊருக்கு மறுகோடியில் திறக்கப்போகும் புது நிலையத்தில் அணித்தலைவர் பதவி அவனுக்கு என்று பேச்சு முடிந்துவிட்டது. இந்தத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. அவனுடைய தாளிலும் தந்தை உயிருடன், நலம். அண்ணன் தாளில் செத்துப்போன அப்பா தம்பி தாளில் எப்படி நலமாக இருக்க முடியும்? ஒன்று உண்மையானால் மற்றது பொய். பொய்த் தாள் கொடுத்தவனுக்குப் பதவி கிடையாது.

ஊசி தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மறைத்துச் செய்ய மனம் வரவில்லை. தம்பி அண்ணியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான், தாளை இரண்டு முறை படித்தான்.

"மத்ததெல்லாம் எழுதுண்ணா. உன் வெயிட்டுக்கும் பிரஷருக்குமே உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவாங்க. அப்பாவை மட்டும் விட்டுடு."

"அவரை எப்படிடா விட முடியும்? மூணு புள்ளி அவருக்குத்தான்."

"எனக்கு ஒண்ணும் இல்லண்ணா. நாலு மாடி ஏறி இறங்கினாகூட எனக்கு வேர்க்காது."

"அப்பாவுக்கும் அப்படித்தான்டா இருந்துச்சு."

தம்பி தாளை மேசையில் வைத்தான். பிறகு நிதானமாகவே சொன்னான்: "என்னை இதுல கையெழுத்துப் போடச் சொன்னதே நீதானே."

பதினான்கு வருடங்களுக்கு முன் தம்பி வேலையில் சேர்ந்த அன்று, இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணா, அப்பா இருக்கார்னு போட்டிருக்கே என்று தயங்கி நின்றான். அப்பா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஊசிதான் சிரித்துக்கொண்டே பேனாவைக் கொடுத்தார். போடுடா, அப்பா இருந்தா நீ வேலைக்கு வந்ததுக்குச் சந்தோஷப்படுவார் என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். தம்பியும் சிரித்துவிட்டுப் போட்டான்.

விஷயம் இரண்டே நாளில் நிலையம் முழுக்கப் பரவியது. ஊசியைத் திட்ட யாருக்கும் மனமில்லை, விடவும் மனமில்லை. ஒருவர் தாள் உண்மையானால் நாற்பத்தொரு தாளும் சந்தி சிரிக்கும் அல்லவா? எல்லோரும் அன்பாகவே வந்தார்கள். ஓட்டத்தில் இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு ஓடுகிறோம், நீ காலை மட்டும் அசை என்றார்கள். நேரம் பிடிப்பவர், பதின்மூன்று நிமிடம் என்பதை வேண்டுமானால் பதினெட்டாக ஓடவிடுகிறேன் என்றார். நிலைய அதிகாரி அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து ஒரு சமரசம் சொன்னார்: அப்பாவை இறந்ததாகப் போட வேண்டாம், உடல்நலக் குறைவு என்று போடு, அது பொய்யும் இல்லை. எழுத்தர் இன்னும் ஒரு படி மேலே போனார். "ரெண்டு பேருக்கும் வேற வேற அப்பான்னு போட்டுட்டா ரெண்டு தாளும் சரியாயிடும், யோசிச்சுப் பாரு" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். எங்க அம்மாவுக்கு இது தெரிஞ்சா உங்களை உயிரோட விடமாட்டாங்க என்று சொல்லிவிட்டு வந்தார் ஊசி.

ஒரு மனிதனைக் கொல்ல எதிரி வேண்டும் என்பதே இல்லை. நல்லது செய்கிற நாற்பது பேர் போதும்.

தேர்வு நாள். மைதானத்தின் ஓரத்தில் ஒரு மடக்கு மேசை, அதன் பின்னால் டாக்டர். இத்தனை வருடம் வந்தவர் வயதானவர், தொலைபேசியில் பேசிக்கொண்டே நாற்பத்திரண்டு கையெழுத்தையும் போட்டுவிட்டு வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுவார். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்த வருடம் வந்தது ஓர் இளம் பெண். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கையெழுத்துப் போடும் முன் படித்தார்.

முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். ஐந்தாவதில் தலையை நிமிர்த்தி வரிசையைப் பார்த்தார். வழுக்கை விழுந்தவர்கள், மீசை நரைத்தவர்கள், தொப்பையை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், எல்லோரும் இருபத்தாறு வயதுக்காரர்கள். எல்லாரும் ஒரே நாள்ல பொறந்தீங்களா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி முன்னால் வந்து, அது ஒரு நடைமுறை மேடம் என்றார். டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். அது வெள்ளைத் தாள்.

அதை அவர் நின்று நிதானமாகப் படித்தார். படித்து முடித்து, இவர் தம்பி யார் என்று கேட்டார். தம்பி வரிசையிலிருந்து வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான். டாக்டர் தாள் கட்டுக்குள்ளிருந்து அவனுடையதைத் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"உங்க அப்பா எப்படி இருக்கார்?"

"இருக்கார் மேடம். நல்லா இருக்கார்."

சொல்லிவிட்டுத் தம்பி அண்ணனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, சொல்லிடாத என்று பார்ப்பானே, அதே முகம். டாக்டர் ஊசி பக்கம் திரும்பினார். உங்க அப்பாவும் இவர் அப்பாவும் ஒருத்தர்தானே என்றார். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், தன்னைத் தனியாக மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள், தம்பி பத்து நிமிடத்தில் ஓடி முடித்துவிட்டுப் புது நிலையத்துக்குப் போய்விடுவான். எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் குனிந்து கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த அப்பாவின் முதுகு அவர் கண்ணை விட்டுப் போகவில்லை.

"ஒருத்தர்தான் மேடம். அவர் போய் பத்தொம்பது வருஷம் ஆச்சு. அவனை அப்படி எழுத வெச்சது நான்தான்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் அன்று யாரையும் ஓடவிடவில்லை. எல்லோரும் வெள்ளைத் தாளில் அவரவர் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நாற்பது ஆண்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி புல்லில் உட்கார்ந்து எழுதினார்கள். தன் உண்மையான வயது மறந்துபோய் எழுத்தரைக் கேட்டவர்களும் உண்டு. அண்ணனையும் தம்பியையும் முதலில் நிலையத்து வேனில் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

வழியெல்லாம் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். ஊசி இரண்டு முறை பேச்சுக் கொடுத்தார். இறங்கும்போது மட்டும், "என் வேலையைக் கெடுத்துட்டே. உனக்குத் திருப்திதானே?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தான்.

முதலில் ஊசியை மார்பெல்லாம் ஒயர் ஒட்டி டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் ஏற்றினார்கள். இதோ இன்றோடு கதை முடிந்தது என்று அவர் மனைவியை நினைத்துக்கொண்டு நடந்தார். வேகம் கூடியது, வேர்த்துக் கொட்டியது, நாக்கு வெளியே தள்ளியது, ஆனால் உயிர் போகவில்லை. முடிவைப் பார்த்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: இதயத்தில் இப்போதைக்கு ஒரு கோளாறும் தெரியவில்லை, ரத்த அழுத்தம் ஏகமாக இருக்கிறது, நெஞ்சு இறுக்கம் பெரும்பாலும் வயிற்று அமிலத்தால் வருவது, மாத்திரை எழுதுகிறேன், இருபது கிலோ குறையுங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள். ஊசிக்கு நிம்மதியோடு கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. வயிற்று அமிலத்துக்காகவா தம்பியின் பதவியைத் தின்றோம் என்று கூசிப்போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

தம்பி உள்ளே போனான். கதவின் கண்ணாடி வழியே பார்க்க முடிந்தது. அவன் பட்டையில் வீட்டுக்குள் நடப்பது போல் நடந்தான், பிறகு ஓடினான். இயந்திரத்தை இயக்குபவரிடம் ஏதோ கேலி பேசுவதும் தெரிந்தது. இன்னும் வேகமா வைங்க என்று கையைக் காட்டினான். ஏழாவது நிமிடம் இயக்குபவர் திரையைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், பட்டையின் வேகத்தைக் குறைத்து நிறுத்தினார். தம்பி, எனக்கு ஒண்ணும் இல்லையே என்பதுபோல் இரண்டு கையையும் விரித்தான். அவர் பேசாமல் அவனைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட ஓடினார். ஊசி எழுந்து நின்றார்.

சாயங்காலத்துக்குள் குழாய் விட்டுப் படம் பிடித்துவிட்டார்கள். பிரதான ரத்தக் குழாயில் முக்கால்வாசிக்கு மேல் அடைப்பு. மறுநாள் காலை முதல் வேலையாக அறுவை சிகிச்சை. மருத்துவர் ஊசியைத் தனியாக அழைத்துச் சொன்னார். இன்று காலை அந்த வேகத்தில் ஓடியிருந்தால் இவரை இங்கே கொண்டுவந்திருக்க மாட்டீர்கள், நேரத்தில் கண்டுபிடித்தாயிற்று, பயப்பட வேண்டாம் என்றார். ஊசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார், அது போதவில்லை, மறுபடி போனார்.

தம்பி படுக்கையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பி முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"போன மாசம் ஓடறப்ப ரெண்டு தடவை கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுண்ணா. கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் தாள்ல கையெழுத்துப் போடறப்ப பாத்தேன், கண் இருட்டல் இல்லைன்னு போட்டிருந்துச்சு. ஸ்டேஷன்ல ஒருத்தருக்கும் இல்ல, எனக்கு மட்டும் எப்படி இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த 'இல்லை'யை எழுதியது ஊசியின் கை. அவர் தம்பியின் காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். காலையில் அறுவை அறைக்குக் கொண்டுபோகச் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வந்து, அண்ணே, விடுங்க, நேரமாச்சு என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.